விலாங்குக் கொழுப்பு

தம்பி பிறந்த அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒன்பது வயது. ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் ஓர் அரசாங்க வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குப் பால் போதவில்லை. தம்பி நாள் முழுக்க அழுதான். அவனை நிறுக்க வரும் நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடிப்பாள். அவள் ஆங்கிலத்தில் சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அதில் எனக்குப் பெருமை அதிகம்.

பக்கத்து வீட்டில் அந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரி அன்ரி இருந்தார். அழுகை வேலி தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மூடி போட்ட சட்டியோடு வந்து நின்றார். உள்ளே அவித்த விலாங்கு. மேலே மஞ்சளாக, விரல் தடிப்பில் கொழுப்பு மிதந்தது. தன் சகோதரர்கள் வைக்காட்டோ ஆற்றில் பிடித்தது என்றும், பிள்ளை பெற்றவளுக்குத் தங்கள் ஆட்கள் கொடுப்பது இதைத்தான் என்றும் சொன்னார். கொழுப்பை வழித்து எறிந்துவிட வேண்டாம், சத்தெல்லாம் அதில்தான் என்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

அம்மா மூக்கைப் பொத்தவில்லை. மணந்து பார்த்தார். நின்ற நிலையிலேயே இரண்டு கோப்பை குடித்தார். "எங்கட மன்னாரில பிள்ளை பெத்தவைக்குப் பால்சுறா குடுப்பினம், ஈரலோட. இதுவும் அதுமாதிரித்தான்" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து ஆக்லாந்தில் நான் கண்டதில்லை.

மூன்று கிழமை சட்டி வந்தது. அப்பா சனிக்கிழமையும் விரி என்ற இடத்தில் கிடங்கு வேலைக்குப் போய்விடுவதால் அவருக்குத் தெரியாது. நாலாம் கிழமை நர்ஸ் தராசைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். சொன்னேன். நல்ல கொழுப்பு, விடாமல் சாப்பிடச் சொல் என்று கொப்பியில் எழுதிக்கொண்டாள். பின்னேரம் அப்பாவிடம் ஓடிப்போய் இந்த நல்ல செய்தியைச் சொன்னதும் நான்தான்.

அப்பா யாழ்ப்பாணத்தில் வங்கியில் இருந்தவர். பெட்டி அடுக்கப் போகும்போதும் அயன் பண்ணாத சட்டை போடமாட்டார். சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் போனார்.

"வெள்ளைக்காரி எழுதிக்கொண்டு போற அளவுக்கு வந்திட்டுது, என்ன?"

"பிள்ளைக்கு இப்பதான் பால் காணுது. நீங்களே பாருங்கோவன்" என்றார் அம்மா.

"வாடிப் புத்தி எங்கை போனாலும் உனக்குப் போகாது."

வாடி என்றால் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்கள் போடும் கொட்டில் என்று மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி ஏன் ஏச வேண்டும் என்று விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. அன்ரி வந்து கதவைத் தட்டியதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "வேண்டாமெண்டு சொல்லு. நாங்கள் உதுகள் சாப்பிடுற ஆக்களில்லை எண்டு சொல்லு."

அவருக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும். இருந்தும் என்னைக்கொண்டுதான் சொல்வித்தார். நான் சொன்னேன். நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில், நாறுகிறது என்று அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

அன்ரி என் தலைக்கு மேலால் உள்ளே பார்த்தார். அம்மா தொட்டிலுக்குமேல் குனிந்திருந்தார், நிமிரவில்லை. "ஓகே, டார்லிங்" என்று அன்ரி சட்டியோடு திரும்பிப் போனார்.

அதன்பிறகு டின் பால்மா வந்தது. தம்பி ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தான். அம்மா வேலிப்பக்கக் கொடியில் உடுப்புக் காயப்போடுவதை நிறுத்திக்கொண்டார். அப்பா இப்போது இதயத்துக்கு நல்லதென்று காலையில் இரண்டு மீனெண்ணெய்க் குளிசை போடுகிறார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அம்மாதான்.

அப்பாவின் அருவருப்பு அந்த அன்ரியின் மேல் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அம்மாவின் வீட்டார் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர்கள் என்பதும், கலியாணம் செய்த நாளிலிருந்து அப்பா அதை ஒருவருக்கும் சொன்னதில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அன்று வாசலில் நான் சொன்னதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அம்மாவுக்குச் சொன்னது. அவ்வளவு ஆங்கிலம் அவருக்கு அப்போதே விளங்கும்.