பதினாலு பாயிண்ட்

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில், கம்ப்யூட்டரில் அச்சுக்கோர்க்கும் டி.டி.பி. சென்டர் ஒன்றில் எனக்கு முதல் வேலை. எழுத்தளவைச் சொல்லும் பாயிண்ட் என்பது எழுத்தின் உயரமல்ல, பழைய அச்சில் அந்த எழுத்தைத் தாங்கிய ஈயக்கட்டையின் உயரம் என்று டி.டி.பி. வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதோடு அதை மறந்துபோனேன்.

முதல் கல்யாணப் பத்திரிகையில் பெண் வீட்டார் பெயர்களை ஒரு ஃபாண்டிலும் மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை இன்னொன்றிலும் அழகுக்காக அடித்தேன். மறுநாள் காலை மாப்பிள்ளையின் தாய்மாமன் ப்ரூஃபும் கையுமாக வந்தார். பின்னாலேயே பெண்ணின் அப்பா.

"ஏனுங்க அம்மணி, எங்க பேரு மட்டும் பொடிசா இருக்குதுங்க?"

தாய்மாமன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து எழுத்தின் மேல் வைத்தார்.

தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. சர்டிபிகேட் வாங்கிய திமிர். கம்ப்யூட்டர் திரையில் பாயிண்ட் எண்ணைத் தொட்டுக் காட்டினேன். "ரெண்டுமே பதினாலுதானுங்க. நீங்களே பாருங்க."

"கல்யாணத்துக்கு வாரவங்க உங்க பொட்டியவா பாப்பாங்க? பத்திரிகையத்தானுங்க பாப்பாங்க."

அப்போதுதான் ஈயக்கட்டை ஞாபகம் வந்தது. ஒரே உயரக் கட்டையில் ஓர் எழுத்து நிரம்பி நிற்கும், இன்னொன்று குறுகி உட்காரும். மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களைப் பதினாறாக்கி மறுபடி பிரிண்ட் எடுத்தேன். தாய்மாமன் ஸ்கேல் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாடா என்றிருந்தது.

பெண்ணின் அப்பா தாளைப் பார்க்கவேயில்லை. நான் தொட்டுக் காட்டிய அதே இடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவிங்களுக்குப் பதினாறு, எங்களுக்குப் பதினாலுங்களா அம்மணி?"