மலைக்கு முதுகு காட்டிய கேலரி

எங்கள் அப்பாவுக்கு நல்ல இடம் பார்க்கத் தெரியும் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். நிலமோ வீட்டு மனையோ அல்ல, உட்காருகிற இடம். பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் விழாது, கல்யாண மண்டபத்தில் எந்த வரிசைக்கு முதலில் சாம்பார் வரும், தீபத்தன்று எந்த மொட்டை மாடியில் நின்றால் தண்ணீர்த் தொட்டி மறைக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேர்க்கடலை மண்டியில் மூட்டைகளை எடை போடுகிற வேலை. கையில் காசு தங்காது. குறைந்த காசில் நிறைவாகப் பார்த்துவிட்டு வருவதுதான் அவருடைய பெருமை.

அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, இதற்கு நேர் எதிர். கோயில் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தார். எதற்குப் போனாலும் இருப்பதிலேயே உயர்ந்த டிக்கெட்டை வாங்குவார். எங்கே உட்கார்ந்தோம் என்பதைவிட என்ன விலை கொடுத்தோம் என்பதைத்தான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

எனக்கு ஒன்பது வயது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், ஊருக்குக் கிழக்கே வறண்டு கிடந்த ஏரிக்குள் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு இடம் பார்க்கப் போய்விட்டார்.

வண்டிகள் கிளம்புகிற இடத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள். அது பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு. ஏரியின் இரண்டு பக்கமும் சவுக்குக் கழி கட்டிப் பலகை அடித்த கேலரிகள். அப்பா கழிகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பலகைப் பலகையாக ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

"நேரா ஓடுற எடத்துல உட்கார்ந்தா சர்ரு சர்ருன்னு சத்தம்தான் மிஞ்சும். திரும்புற எடத்துலதான் வண்டி வேகம் கம்மியாவும். ஓட்டுறவன் மூஞ்சியே தெரியும்" என்றார்.

அந்தத் திருப்பம் மேற்குக் கேலரியின் கீழேதான் இருந்தது. டிக்கெட்டும் அங்கேதான் மலிவு. காரணம், மலை. அந்தக் கேலரியில் உட்கார்ந்தால் அண்ணாமலைக்கு முதுகு காட்ட வேண்டும். எங்கள் ஊரில் யாருக்கும் அதற்கு மனம் வராது. படுக்கும்போதுகூட மலை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் கால் நீட்டுவோம். அதனால் எல்லோரும் கிழக்குக் கேலரிக்கே டிக்கெட் வாங்கினார்கள். பந்தயக்காரர்கள் வேறு வழியில்லாமல் மேற்குப் பக்கத்து விலையைப் பாதியாக்கிவிட்டார்கள்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மத்தியானம் பூரா மலைக்கு முதுகக் காட்டிக்கினு எப்படிங்க உட்கார்றது?"

"பின்னால இருக்கறது அண்ணாமலையார்தானே, போலீஸா? அவரும் நம்ம கூடவே பாக்கட்டும்" என்றார் அப்பா.

மறுநாள் பந்தல் வாசலில் பெரியப்பா குடும்பத்தோடு நின்றிருந்தார். எங்கள் டிக்கெட்டின் நிறத்தைப் பார்த்ததுமே சிரித்தார். "டேய், மலிவா கெடைக்குதுன்னா நீ மரத்து மேலகூட ஏறி உட்காருவடா."

"வெயில் சாயட்டும்ணா. உங்க நாற்காலியில நேரா கண்ணுல அடிக்கும். அப்ப எங்க பக்கம் வாங்க, எடம் போட்டு வைக்கிறேன்" என்றார் அப்பா.

அம்மா கேலரியில் ஏறுவதற்கு முன்பே மலையைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். மேலே ஏறியதும் அப்பாவின் முகம் வாடியது. முந்தின நாள் அவர் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்த இடத்தில், மேல் பலகையில், திருப்பத்துக்கு நேராக, ஒரு துண்டு விரித்திருந்தது. சிவப்புக் கரை போட்ட சின்ன வெள்ளைத் துண்டு. பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல். பக்கத்தில் ஒரு புட்டி ஆரஞ்சு கலர். மூடி திறந்து உறிஞ்சு குழல் போட்டிருந்தது. யாரும் வாய் வைத்த மாதிரி தெரியவில்லை.

துண்டு போட்ட இடம் துண்டு போட்டவருக்கு. அந்தச் சட்டத்தை அப்பா மீறமாட்டார். தானும் அதை வைத்துத்தானே எத்தனையோ இடங்களைப் பிடித்திருக்கிறார். "கலர வாங்கி வச்சிட்டு எங்கயோ போயிருக்காங்க. வந்துடுவாங்க" என்று சொல்லி, அந்தத் துண்டுக்கு இந்தப் பக்கமாக எங்களை உட்கார வைத்தார். துண்டுக்கு அந்தப் பக்கம், பலகையின் கோடியில், ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அம்மா வயதுதான் இருக்கும். அவள் பாதையைப் பார்க்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றுகளிலேயே எல்லோருடைய கண்ணும் நீலச் சட்டை போட்ட ஒருவர் மேல் விழுந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரர், அங்கே மெக்கானிக் கடை வைத்திருக்கிறார் என்று முன்னால் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மற்றவர்கள் திருப்பத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கம் முகத்தைத் தூக்கி ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனார்.

"பாத்தியா, அவ்ளோ வேகத்துலயும் மலையக் கும்பிட மறக்கல" என்றார் ஒருவர்.

"கப்பும் வண்டியும் அவனுக்குத்தான். எழுதி வச்சுக்கோ" என்றார் இன்னொருவர். பந்தலுக்கு முன்னால் பரிசுக்கான புது வண்டி மாலை போட்டு நின்றிருந்தது.

எனக்கு முதுகு குறுகுறுத்தது. மலையைப் பார்க்காமல் உட்கார்ந்து பழக்கமில்லை. பின்னால் யாரோ வெகு நேரமாகப் பேசாமல் நிற்பது போலிருந்தது. இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். மலைதான். அது எப்போதும் போலத்தான் இருந்தது.

அப்பா சொன்னபடியே வெயில் சாய்ந்தது. கிழக்குக் கேலரியில் இருந்தவர்கள் கண் கூசிப்போய், வெட்கத்தை விட்டு, ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வந்து ஏறினார்கள். பலகைகள் நிறைந்து, நடுவிலெல்லாம் நின்றார்கள். எனக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய ஒரு பெரிய ஆள் நின்றுவிட்டார். அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு கூட்டத்திலும் அந்தத் துண்டின்மேல் மட்டும் யாரும் உட்காரவில்லை. கலர் புட்டியும் அப்படியே இருந்தது. எறும்பு வரிசை அதைக் கண்டுபிடித்திருந்தது.

கடைசிப் பந்தயத்துக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது அப்பாவால் பொறுக்க முடியவில்லை. மகள் உட்கார்ந்து பார்க்க முடியாத இடத்துக்கு டிக்கெட் எடுத்தவர் என்று பேர் வாங்க அவர் தயாராக இல்லை. கோடியில் இருந்த பெண்ணிடம் கேட்டார்.

"இங்க யாருங்க?"

"எங்க பொண்ணு."

"வருதுங்களா?"

"வரணும்" என்றாள் அவள்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலைங்க. உங்க பொண்ணு வர்ற வரைக்கும் ஓரமா உட்காரட்டுங்களா? வந்தா எந்திரிச்சுடுவா."

அம்மா அப்பாவின் கையைக் கிள்ளினாள். "அடுத்தவங்க போட்டு வச்ச எடம்ங்க."

"கேட்டுட்டுத்தானே உட்காரப் போறா?"

அந்தப் பெண் அப்போதுதான் முதல் முறையாக என்னைப் பார்த்தாள். ரிப்பன் கட்டிய பின்னலில் தொடங்கிக் கால் வரைக்கும் பார்த்தாள். "இன்னா வயசு?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வெளியாட்களிடம் பேசுவது அப்போதும் எனக்கு வராது. அப்பா சொன்னார், "ஒம்பது."

"அவளுக்கும் அதான்" என்றாள். பிறகு, "உட்காரு கண்ணு. துண்ட எடுக்காத, அது மேலயே உட்காரு."

நான் கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி துண்டு சூடாக இருந்தது. நாளெல்லாம் வெயிலில் கிடந்த துணி, சுடத்தானே செய்யும். அங்கிருந்து பார்த்தால் திருப்பம் முழுவதும் எதுவும் மறைக்காமல் தெரிந்தது. அப்பா பார்த்த இடம் என்றால் இடம்தான்.

கடைசிப் பந்தயம் தொடங்கும்போது மலையின் நிழல் எங்கள் கேலரியைத் தாண்டி ஏரிக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. நீலச் சட்டைக்காரர்தான் முன்னால் வந்தார். திருப்பத்தில் முகத்தைத் தூக்கினார். வண்டி தள்ளாடியது. விழப்போகிறார் என்று எல்லோரும் எழுந்துவிட்டோம். சமாளித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த சுற்றில், அவ்வளவு முன்னால் இருந்தவர், வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துக்கொண்டே திரும்பினார். என்னைத்தான். அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும் அது தெரிந்தது. அவர் ஒரு முறைகூட மலையைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த சுற்றில் அவர் வந்து நின்றுவிட்டார்.

திருப்பத்தின் நடுவில், நிழல் விழுந்திருந்த இடத்தில், இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு காலையும் ஊன்றி நின்றார். மற்ற வண்டிகள் அவரை ஒதுக்கிக்கொண்டு பறந்தன. "போடா! கெளப்புடா! கப்பு போச்சுடா!" என்று கேலரி முழுவதும் கத்தியது. அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினார். புழுதி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் கையைத் தூக்கி, கட்டை விரலை வாய்க்கு நேரே கொண்டுபோய்க் காட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தேன்.

"குடிக்கச் சொல்றாரு. குடி கண்ணு" என்றாள். அவள் கைகள் இரண்டும் பலகையை இறுகப் பிடித்திருந்தன.

பெரியவர்கள் சொன்னால் செய்கிற பிள்ளை நான். எறும்பைத் தட்டிவிட்டுக் குடித்தேன். வெயிலில் காய்ந்து, மருந்து மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. பாதியில் வைக்கப் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றிருந்தார். அதனால் முழுவதையும் குடித்தேன். அதன் பிறகு அவர் கண்ணாடியை இறக்கி, வண்டியை உதைத்துக் கிளப்பி, பாதையில் போகாமல், ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கப்பும் புது வண்டியும் வேறு யாருக்கோ போயின.

"மலையில ஏதோ தெரிஞ்சிருக்குடா அவனுக்கு" என்று முன்னால் இருந்த தலைப்பாகைக்காரர் சொன்னார். எல்லோரும் திரும்பி மலையைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"பொண்ணு எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போன ஐப்பசியில ஜுரத்துல போயிடுச்சுங்க. எந்த ஊர்ல அவங்கப்பா வண்டி ஓட்டுனாலும் திருப்பத்துல, மேல் பலகையிலதான் உட்காரும். கையில கலர் இல்லன்னா ஒரே அழுக. அதான், எங்க போனாலும் எடம் போட்டு வைக்கிறோம்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரும் இதுவரைக்கும் உட்கார்ந்து குடிச்சதில்ல."

அம்மா என்னை ஒரே இழுப்பில் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் துண்டை உதறி மடித்தாள். காலிப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. அதைத் துண்டுக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன். அந்தக் கேலரியில் நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் பொய்.

அவள் என்னிடமிருந்து கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பந்தல் வாசலில் பெரியப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். "எப்பிடிடா இருந்துச்சு உன் மலிவு சீட்டு?"

"நல்லாத் தெரிஞ்சுதுண்ணா" என்றார் அப்பா. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்றுகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். எதற்கென்று கேட்டதற்கு, புழுதி என்றாள். அடுத்த தீபத்துக்கு அப்பா அம்மாவிடம், "எங்க நிக்கலாம்னு நீயே சொல்லு" என்றார். பெரியப்பா மட்டும், பந்தயத்தின் நடுவில் ஒருவனுக்கு அண்ணாமலையார் காட்சி கொடுத்த கதையை, தானே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி பாத்திரக் கடையில் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பா இல்லை. அவருடைய திதிக்கு மொட்டை மாடியில் இலை போட்டு, அவருக்குப் பிடித்த மசால் வடையை வைத்துவிட்டு நிற்பேன். இலை வைக்கிற இடத்தையும் பார்த்துத்தான் வைப்பேன், நிழலாக, மலை தெரிகிற மாதிரி. காகம் ஒயரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். வராது. கூப்பிட்டாலும் வராது. கீழே எவ்வளவு வேலை கிடந்தாலும், அது வந்து வாய் வைக்கிற வரைக்கும் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடிவதில்லை.

அப்போதெல்லாம் அந்தத் திருப்பம் ஞாபகம் வரும். கலர் தீர்ந்து கடைசி உறிஞ்சலில் குழல் கர்ரென்று சத்தம் போட்டது. அப்படிச் சத்தம் வந்தால் வீட்டில் திட்டுவார்கள். பயந்துபோய் அவரை நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் வண்டிகள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்து, போதும் என்பது போல மெதுவாகத் தலையை ஆட்டினார். பந்தயத்தில் தோற்றுக்கொண்டிருக்கிற ஒருவர் எதற்காக அவ்வளவு நிம்மதியாகத் தலையாட்டுகிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை.