குங்குமம் வைத்துக் கூப்பிட்ட கூட்டம்

ஒருவர் வீட்டுக்குக் குங்குமச் சிமிழோடு போய், நெற்றியில் வைத்து, ‘ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வந்துவிடுங்கள்’ என்று மட்டும் சொல்லி, எதற்கு என்று சொல்லாமல் திரும்பினால் அது பொய் சொன்னதாகுமா? ஏழு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் சமைக்கும்போது, நான் பொய் எதுவும் சொல்லவில்லையே என்று தோன்றும். மத்தியானம் சின்னவனைத் தூளியில் போட்டுவிட்டு உட்கார்ந்தால், அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதே இல்லை என்று தோன்றும்.

அப்போது என் மூத்தவளுக்கு ஒரு வயது. எடை ஏறவில்லை. மாதா மாதம் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் பெண் முள்ளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் கணக்கில் பி.எஸ்சி. முடித்தவள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். கணவர் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பிள்ளைக்கு என்ன கொடுத்தாலும் அது சரியா தவறா என்று இரண்டு நாள் யோசிப்பவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தோளில் பெரிய பை. அதில் வெளிநாட்டுக் கம்பெனியின் பற்பசை, பாத்திரம் தேய்க்கும் திரவம், குழந்தைகளுக்கான சத்து மாவு. கடையில் கிடைக்காது, உறுப்பினர் கையால்தான் கிடைக்கும் என்றாள். மாவை நான் வாங்கினேன். மறு மாதம் முள் கொஞ்சம் நகர்ந்தது. மாவினால் நகர்ந்ததா, அந்த மாதம் அவளுக்கு வயிற்றுப்போக்கு வராததால் நகர்ந்ததா, தெரியாது. நான் உறுப்பினரானேன்.

ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். அவ்வளவுதான் வேலை என்றாள் தோழி. அவள் போனபின் டியூஷன் கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். ஆறு, முப்பத்தாறு, இருநூற்றுப் பதினாறு. பெருக்குத் தொடர், பிள்ளைகளுக்கு அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன். ஏழாவது படியில் காஞ்சிபுரம் முழுவதும் தீர்ந்து, பக்கத்து ஊர்களிலும் கடன் வாங்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டஸ்டரை எடுத்து அழித்துவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த முறை தோழி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள்.

“தெரிஞ்சவங்க நூறு பேர் எழுதுடி. யோசிக்காத, எழுது.”

பதினோரு பேரில் நின்றுவிட்டேன். அவள் சிரித்தாள். “உன் பொண்ணுக்குப் பேர் வெச்ச அன்னிக்கு யாரும் வரலியா? பந்தியில யாரும் சாப்பிடலியா? அவங்கள எழுது.”

“கூப்பிட்டு என்னன்னு சொல்றது?”

“எதுவும் சொல்லாத. கூப்பிடு. சொன்னா வர மாட்டாங்க.”

‘சொல்லாதே, கூப்பிடு.’ அவர்கள் கூட்டங்களில் எல்லாரும் சொல்லும் வாசகம் அது. அவள் இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தாள். குங்குமச் சிமிழ் என் யோசனை.

எங்கள் தெருவில் காரணம் சொல்லாமல் போய் ஒருவரைக் கூப்பிட முடியாது. வாசலில் நின்று விழிக்க வேண்டும். ஆனால் சிமிழோடு போனால் யாரும் காரணம் கேட்பதில்லை. நெற்றியைக் காட்டுவார்கள், எத்தனை மணிக்கு என்பார்கள். வராமல் இருப்பது மரியாதையில்லை. பேச்சுக் கூச்சம் உள்ள எனக்கு அது எவ்வளவு சௌகரியம் என்று அப்போது தோன்றியது. கல்யாணச் சீரில் வந்த வெள்ளிச் சிமிழை எடுத்துக்கொண்டு முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவர் கணவர் தறியில் உட்கார, அக்கா ராட்டையில் தார் சுற்றுவார். சேலையின் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கும் வேலை. பிரசவம் முடிந்து நான் வந்த நாட்களில், பிள்ளை அழுதால் அந்தப் பக்கம் ராட்டை நிற்கும். இரண்டு நிமிடத்தில் அக்கா வந்து நிற்பார்.

அன்று என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இன்னாம்மா டீச்சரு, குங்குமத்தோட வந்துக்கினு கீற? அதுக்குள்ள ரெண்டாவதா?”

“அதெல்லாம் இல்லக்கா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடுங்க.”

“வராம? நீ கூப்ட்டு வராம இருப்பனா?” என்று நெற்றியைக் காட்டினார்.

அவர் வந்தார். என் பெண்ணுக்கு ஒரு ஜோடி கருவளையல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கூட்டம் முடியும்வரை அது அவர் மடியில் இருந்தது. பாதி புரிந்தும் புரியாமலும், எனக்காகத்தான், சேர்ந்தார். தோட்டை அடகு வைத்துச் சேர்ந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஒரு வருடத்தில் கம்பெனி ஊரெல்லாம் பரவியது. முதலில் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் குளியலறையில் ஒரே பற்பசை. பிறகு ஆசிரியர்கள், எல்.ஐ.சி. ஏஜெண்டுகள், ஜரிகை வியாபாரிகள். சட்டைப் பையில் சின்ன பேட்ஜ் குத்தியவர்கள் பஸ் நிலையத்தில் ஒருவரை ஒருவர் பார்த்து, புதிய ஆள் என்று நினைத்துச் சிரித்து, பேட்ஜைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்துவார்கள். மண்டபத்தில் கூட்டம் முதலில் மாதம் ஒரு முறை நடந்தது, பிறகு வாரா வாரம். நான் காய்கறி வாங்கப் போனால் தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். ஒரு முறை என் பழைய டீச்சர் என்னைக் கண்டதும் செருப்புக் கடைக்குள் நுழைந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அக்காவுக்கு ஆள் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் எனக்கும் தெரிந்தவர்கள், முன்பே கூப்பிட்டாகிவிட்டது.

“ஒர்த்தரும் மாட்ட மாட்றாங்க டீச்சரு. இன்னா பண்றது?”

“நம்ம தெருவே வேணாம்க்கா. வெளியூர்ல சொந்தம் இல்லியா?” என்றேன். பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னேன்.

அந்த மாதம்தான் அவருடைய மகளுக்குத் திருப்புட்குழியில் ஓர் இடம் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணுக்கு வயது பத்தொன்பது. பையன் வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துப் பிடித்துப் போய், நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள், பூ வைக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா அவர்களிடம் போவார் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வரவேற்பு மேசையில் என்னை நிற்க வைத்திருந்தார்கள். காலையில் அங்கே ஒரு முகூர்த்தம் நடந்திருந்தது. வாசலில் வாழைமரம் கட்டியபடி இருந்தது. மேசையில் மிச்சமிருந்த சந்தனமும் கல்கண்டும் வீணாக வேண்டாமே என்று, வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொன்னாள் தோழி.

நாலே கால் மணிக்கு ஆட்டோவிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். பட்டுப்புடவை கட்டிய மூன்று பெண்கள், வேட்டி கட்டிய இரண்டு ஆண்கள். அவர்களில் மூத்த அம்மாவின் கையில் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், பந்தாகச் சுற்றிய மல்லிகைப்பூ, ஒரு ரவிக்கைத் துண்டு.

தாம்பாளத்தைப் பார்த்த கணத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அக்கா சிமிழோடு போய், நான் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, மண்டபம். பூ வைக்கக் காத்திருக்கிற சம்பந்தி வீட்டுக்கு அதற்கு வேறென்ன அர்த்தம்? அக்கா உள்ளே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். என்னால் அவர்களை வாசலிலேயே நிறுத்தியிருக்க முடியும். ஒரு தப்பு நடந்துவிட்டது அம்மா, இது வேறு கூட்டம் என்று சொல்லியிருக்க முடியும். அக்காவைக் கூப்பிட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சிரித்துச் சமாளித்திருப்பார்கள். ஐந்து வாக்கியம் போதும்.

“ஏய், என்னடி நிக்கற?” என்று பின்னாலிருந்து தோழியின் குரல். “முன் வரிசை காலியா இருக்கு. வர்றவங்கள அங்க உட்கார வை.”

நான் அந்த அம்மாவுக்குச் சந்தனம் கொடுத்தேன். கல்கண்டு கொடுத்தேன். முன் வரிசையில் உட்கார வைத்தேன்.

கோட் போட்ட ஒருவர் மேடைக்கு வந்தார். எல்லாருக்கும் ஒரு கனவு இருக்கிறது என்று ஆரம்பித்தார். முன் வரிசையில் மடியில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தவரைக் கை காட்டி, “அம்மா, உங்க கனவு என்ன?” என்றார்.

அவர் வெட்கத்தோடு எழுந்தார். “நம்ம புள்ளைக்கு நல்லபடியா கண்ணாலம் ஆவணும், வேற இன்னா,” என்றார்.

மண்டபமே கை தட்டியது. அந்த அம்மாவும் சிரித்தார். பெண் வீட்டுக்கு இவ்வளவு சொந்தமா என்று நினைத்திருப்பார்.

பிறகு மேடையில் ஒரு வாளியில் தண்ணீர் வந்தது. கோட்டுக்காரர் அதில் இரண்டு சொட்டு திரவம் விட்டுக் கலக்கினார். நுரை எழும்பி எழும்பி வாளி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அந்த அம்மாவின் முகம் அந்த நுரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மாறியதை நான் வாசல் மேசையிலிருந்து பார்த்தேன். அவர் திரும்பி இரண்டாவது வரிசையில் அக்காவைத் தேடினார்.

“பொண்ணு எங்கம்மா?”

“வூட்ல இருக்குது,” என்றார் அக்கா. அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

“அப்ப எங்கள எதுக்குக் குங்குமம் வெச்சுக் கூப்ட்ட? சோப்பு வாங்கவா?”

ஐந்து பேரும் எழுந்தார்கள். தாம்பாளம் வந்தது போலவே, பூவும் பழமும் அலுங்காமல், என் மேசையைக் கடந்து வெளியே போனது. கல்கண்டு அந்த அம்மாவின் கையிலேயே இருந்திருக்கிறது. போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நிறைத்த தட்டு திரும்பிப் போனால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் கணவர்மார் இருவரும் திருப்புட்குழிக்குப் போய்ப் பேசிப் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, “ஆளு சேக்கறவங்க கிட்ட பொண்ணு எடுக்கறது பயமா கீதுபா. நாளைக்கி எங்க ஊட்டுப் பத்திரிகைய நீட்னா ஊரு இன்னா நெனைக்கும்?” என்றாராம். நியாயமான பேச்சு.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு முறை, தண்ணீர்க் குழாயடியில், குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ செஞ்சததான நானும் செஞ்சேன் டீச்சரு.”

அதன்பின் பேச்சு இல்லை. என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து விடாமல் அழுத ஒரு நாள், சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டை நின்றது. நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ராட்டை மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

நான் கம்பெனியை விட்டுவிட்டேன். காலி பாட்டில்களில் இன்னும் துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு. எத்தனை கழுவினாலும் மூடியைத் திறந்தால் அந்தத் திரவத்தின் வாசனை லேசாக வருகிறது. எனக்கு மட்டும்தான் வருகிறது என்கிறார் கணவர். தோழி மேலே மேலே போனாள். வெளிநாட்டில் கப்பல் முன்னால் நின்று எடுத்த போட்டோ அனுப்பினாள். கம்பெனி இன்னும் பெரிதாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மண்டபத்தின் முன் கார்கள் நிற்கின்றன. வாழைமரம் கட்டிய மண்டபம் எதைக் கடந்தாலும், உள்ளே நடப்பது கல்யாணமா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

அக்காவின் மகளுக்கு மூன்று வருடம் கழித்து ஆரணிப் பக்கம் கல்யாணமானது. பத்திரிகையை எங்கள் ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். ஒற்றைச் சுவர் வீட்டுக்குப் பத்திரிகை மட்டும் வந்தது. குங்குமம் வரவில்லை. போகலாமா கூடாதா என்று யோசித்து யோசித்து, கடைசியில் கணவரை மட்டும் அனுப்பினேன். அதுவும் தவறோ என்னவோ.

இப்போது என் சின்னவனுக்குக் காது குத்து வைத்திருக்கிறோம். முதல் அழைப்பு பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதுதான் முறை. அக்காவின் மகள் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் இருமுவது, சிரிப்பது, அவள் அம்மா அவளைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவது எல்லாம் சுவர் வழியே கேட்கிறது. நான் போனால் இரண்டு நெற்றியிலும் குங்குமம் வைக்க வேண்டும். சிமிழைத் தேய்த்துத் துடைத்து நான்கு நாளாக அலமாரியில் வைத்திருக்கிறேன். என் கையில் அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து, அலமாரியை மறுபடியும் மூடிவிடுகிறேன். போகாமல் பத்திரிகையை ஜன்னலில் செருகினால், ஏழு வருடத்துக்கு முன் போலவே, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கூப்பிட்டதாக ஆகிவிடும்.

மண்டப வாசலிலேயே தாம்பாளத்தைப் பார்த்ததையும், தெரிந்தே முன் வரிசைக்கு அனுப்பியதையும் அக்காவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவர் தன் தவறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுக் குங்குமம் வைப்பதா, குங்குமம் வைத்துவிட்டுச் சொல்வதா, மகள் பிள்ளை பெற்று எழும்வரை எதையும் கிளறாமல் இருப்பதா? இதைப் படிக்கிறவர்களில் அக்காவின் இடத்தில் இருந்தவர்கள் யாராவது இருப்பீர்கள். ஒரு வாசலில் என்னைப் போல ஒருத்தி சிமிழோடு வந்து நின்றால், அவள் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள்? தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். காது குத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.