நடுப்பகல் தீனி

அந்த மாசியில் லிந்துலைப் பக்கம் வெயில் தேயிலைச் செடியையே கருக்கியது. வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் கோழிகள் பேரி மரத்தடியில் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தன. முட்டை நின்றுபோனது.

வெயில்தான் காரணம் என்று அம்மா நம்பவில்லை. அப்பாவின் தங்கை மேல்தான் அவளுக்குச் சந்தேகம். கல்யாணமான வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தாள் அத்தை. எங்கள் தோட்டத்தில் வேலைக்கு அவளுக்குப் பேர் பதியவில்லை. அதனால் வீட்டையும் கோழிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் தீனி போட்டேங்குறா. இந்த வெயிலுல எந்தக் கோழி திங்கும்?" என்றாள் அம்மா என்னிடம். "நீ மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து சும்மா பார்த்துக்க. முட்டைய யாருக்குக் குடுக்குறான்னு தெரியணும்."

எட்டு வயதில் அப்படியொரு பொறுப்பு கிடைத்தால் விடுவேனா? அத்தை முகம் கழுவினால் சந்தேகப்பட்டேன். முந்தானையை இழுத்துச் செருகினால் அதற்குள் முட்டை இருப்பதாகச் சந்தேகப்பட்டேன்.

ஸ்டோரு என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் பகல் சங்கு ஊதியதும், அத்தை தவிட்டைப் பிசைந்து எடுத்துக்கொண்டு கொல்லை வேலிக்குப் போனாள். "பா... பா..." என்று குரல் கொடுத்தாள். ஒரு கோழியும் எழுந்திருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வந்து நின்றார். கோப்பி மரத்துக்குப் பின்னாலிருந்து நான் பார்த்த வரையில் முட்டை எதுவும் கைமாறவில்லை. அத்தை சிரித்ததை மட்டும் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் ஒப்பித்தேன்.

"யாரு?"

"ஸ்டோருல வேலை செய்ற மாமா. கழுத்துல சிலுவை போட்டிருந்தாரு."

அன்றைக்கு வீட்டில் சண்டை நடக்கும் என்று காத்திருந்தேன். முட்டை எங்கே என்று கேட்ட அப்பாவிடம் அம்மா, "வெயிலுக்குக் கோழி முட்டை வைக்கலங்க" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். மறுநாளிலிருந்து சங்கு ஊதும் நேரத்துக்கு மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுக்கும்படி என்னிடம் சொல்லிவைத்தாள். எனக்கு இப்போது அம்மா மேலேயும் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை அம்மா செவலைக் கோழியை மட்டும் தனியாகக் கூடையில் அடைத்து, குறுநொய்யும் தண்ணீரும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை குழம்பு என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். விடிந்து பார்த்தால் அத்தையைக் காணோம்.

"வேதக்காரனோட போயிட்டா. ஒனக்குத் தெரியாமயா போனா?" என்று அப்பா கத்தினார்.

"நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிட்டு வர்றவ. எனக்கு என்னங்க தெரியும்" என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தவிடு பிசைந்துகொண்டிருந்த அவள் கை மட்டும் நின்றுபோனது.

"அத்தை கோழிக்குத் தீனி போடுவாங்க. வேற எதுவும் தெரியாதுப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா வெளியே போன பிறகுதான் கூடை இருந்த இடத்தைப் பார்த்தேன். கோழியோடு கூடையே இல்லை. "செவலையையும் திருடிக்கிட்டுப் போயிட்டாங்கம்மா" என்று அழ ஆரம்பித்தேன்.

"சத்தம் போடாத" என்று அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள். நாத்தனார் புது வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒருத்தி நினைத்திருப்பாள் என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? ஆசையாக வளர்த்த கோழி களவு போயும் அம்மாவுக்குக் கோபம் வரவில்லையே என்று, அவள் முகத்தையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.