தண்டு விழுந்த பிறகு கேட்ட சத்தம்

இதை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் தூக்கக் கலக்கம் என்றார். இன்னொருவர், "குடிச்சிருந்தியா?" என்றார். நான் தூங்கவில்லை. குடிக்கவும் இல்லை. என் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

அணுமின் நிலையத்தில் எனக்குக் கூலி வேலை. தங்கச்சி புருஷனுக்கும் அங்கேதான். வேலை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால் அவனைக் கொஞ்சம் அதிகாரம் பண்ணுவேன்.

உலையை அடக்குவதற்கென்று நீளமான தண்டுகள் உண்டு. ஆபத்து என்றால் அவை மேலிருந்து விழுந்து உலையை அணைக்க வேண்டும். ஒழுங்காக விழுகின்றனவா என்று, உலை நிறுத்தியிருக்கும் நாட்களில் சோதிப்பார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி, விடுவார்கள். அளக்கக் கருவி இருக்கிறது. இருந்தாலும் பூட்டிய இரும்புக் கதவுக்கு வெளியே இரண்டு பேரை நிறுத்திக் காது கொடுக்கச் சொல்வது எங்கள் இடத்துப் பழக்கம். சத்தம் கேட்டதும் போனில் சொல்ல வேண்டும்.

கூலிக்காரர்களுக்குள் ஒரு பாஷை உண்டு. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை செய்யும்போது இரும்பில் தட்டிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால், 'இருக்கியா?' பதிலுக்கு ஒரு தட்டு தட்ட வேண்டும். இரண்டு தட்டினால், 'முடிஞ்சுது, கிளம்பறேன்.' மாப்பிள்ளை விரலில் ஒரு எஃகு மோதிரம். பழைய பேரிங்கை அறுத்துச் செய்தது. அவன் தட்டினால் 'டிங்' என்று தனியாகத் தெரியும்.

அன்று இரவு சோதனை தொடங்கத் தாமதமாயிற்று. எனக்குத் தொண்டை வறண்டது.

"மாப்ள, ரோட்டுக் கடையில ஒரு டீ வாங்கிட்டு வாயேன்."

"எடத்த விட்டு நகரக் கூடாதுன்னாங்களே மச்சான்."

"போருக்கா அனுப்பறேன்? டீக்குத்தானே."

"உங்களுக்கு உங்க தங்கச்சியே தேவல. தண்ணியாச்சும் அவளே மொண்டு குடிப்பா."

சிரித்துக்கொண்டே கிளம்பினான். அவன் சட்டையிலிருந்த அடையாள வில்லையைக் கழற்றிக் கதவோரப் பலகையில் மாட்டச் சொன்னேன். இரண்டு வில்லை தொங்கினால் இரண்டு ஆள் இருப்பதாகக் கணக்கு. அந்த யோசனையும் என்னுடையதுதான்.

மணி ஒன்று இருபதுக்குப் போன் வந்தது. முதல் தண்டு.

தொம்...

"விழுந்துச்சு சார்."

போனை வைத்தேன். அப்போதுதான் கேட்டது.

டிங்.

கதவுக்கு உள்ளே. அங்கே ஆள் கிடையாது. சுற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டியதே நான்தான். குழாய் ஏதாவது சூடு ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தண்டு. தொம்... டிங்.

மூன்றாவது. தொம்... டிங்.

"வேற ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" போனில் இன்ஜினியர்.

சொன்னால் சோதனையை நிறுத்துவார்கள். இறங்கி வருவார்கள். இரண்டு வில்லை தொங்கும். ஆள் ஒருவன்தான் இருப்பான். இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

"ஒண்ணுமில்ல சார்."

"உன் மாப்பிள்ளை என்ன சொல்றான்?"

"அவனும் அதேதான் சார்."

தண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தத் தட்டு. முதலில் பலமாக இருந்தது. போகப் போக மெலிந்தது.

இருக்கியா?

கதவில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

டீ வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை.

டிங்...

இருக்கியா?

மணி இரண்டு பத்து. என்னால் தாங்க முடியவில்லை. ஸ்பேனரை எடுத்தேன்.

கதவில் ஒரு தட்டு தட்டினேன்.

அமைதி.

பிறகு...

டிங். டிங்.

அதோடு நின்றது.

போன் அலறியது. "என்ன சத்தம் அது?"

"ஸ்பேனர் கை தவறிடுச்சு சார்."

சோதனை முடிந்ததும் கதவைத் திறந்தேன். உள்ளே யாருமில்லை. எல்லாத் தண்டுகளும் சரியாக விழுந்திருந்தன.

விடிந்ததும், வேலை மாறி வந்த வாசல் காவலாளி சொன்னார். ராத்திரி டீக்கடை முன்னால் ஒருவனை லாரி அடித்துப் போட்டுவிட்டதாம். அந்த வழியாக வந்த வேனில் ஏற்றி அனுப்பினார்களாம். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போர்த்தியிருந்த துணியை விலக்கிக் காட்டினார்கள். மாப்பிள்ளைதான்.

"யாருன்னே தெரியல," என்றாள் நர்ஸ். "சட்டையில ஒரு அடையாளம்கூட இல்ல. இருந்திருந்தா உங்களக் கூப்பிட்டிருப்போம். முக்கா மணி நேரத்துக்கு மேல உசுரு இருந்துச்சு."

"ஏதாவது பேசினானா?"

"பேச்சு வரல. மோதிரத்தால கட்டில் கம்பிய தட்டிக்கிட்டே இருந்தாரு. ஒரு தட்டு தட்டுவாரு, நிறுத்துவாரு. பதிலுக்குக் காத்துட்டிருக்கற மாதிரி. கடைசியா, ரெண்டு பத்து இருக்கும்... மொகம் தெளிஞ்சுது. ரெண்டு தட்டு தட்டினாரு. கை விழுந்துருச்சு."

மோதிரத்தைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தாள்.

அவன் முதல் தடவை தட்டியபோதே எனக்குக் கேட்டது.