பதினெட்டாவது தலை

என் மகள் அயர்லாந்தில், கார்க் என்கிற துறைமுக ஊரில் படிக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கைடு கூட்டிப்போகும் பஸ்ஸில் நாட்டுப்புறம் பார்க்கக் கிளம்பியிருப்பதாக வீடியோ அனுப்பினாள். ஜன்னலுக்கு வெளியே பச்சை, அதற்குப் பின்னால் இன்னும் பச்சை, குறுக்கே கல் அடுக்கிய வேலி, மேய்கிற மாடுகள். வேறு தகப்பனாக இருந்தால் ‘அழகா இருக்கும்மா’ என்று எழுதியிருப்பான். ஒரகடத்தில் முதல் ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நான், ‘ஒவ்வொரு வாட்டியும் இறங்கி ஏறும்போது ஆளை எண்ணுறாங்களா? எப்படி எண்ணுறாங்க?’ என்று எழுதினேன். பதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் மூன்று முறை போன் செய்தேன்.

“என்ன அண்ணாச்சி, ஊர்ல யாருக்காச்சும் மேலுக்குச் சரியில்லையா?” என்று பக்கத்து சீட்டுத் தூத்துக்குடிப் பையன் பயந்துபோய்க் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் என் ஒன்பதாவது வயதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது என் மாமா, அம்மாவின் தம்பி, சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் பயணிகளைக் காஞ்சிபுரம் கூட்டிப்போய்க் காட்டும் ஒரு டிராவல்ஸில் கைடு. கோயில்களைக் காட்டி முடித்துத் திரும்பும் வழியில் ‘அசல் கிராமம்’ ஒன்றையும் காட்ட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. மாமாவுக்குத் தெரிந்த அசல் கிராமம், சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீடுதான். வாசலில் இளநீர், கொல்லையில் மாடு. அந்தத் தடவைதான் முதன்முதலாக அவரைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். பதினெட்டுப் பேர். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். எல்லாரையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் ஆவணியில் கல்யாணம். ஆகையால் மாமா மூச்சு விடுவதையும் எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கப்பல் பார்க்க வேண்டும். கேட்டால் நடக்காது என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை. எல்லாரும் இளநீரில் மூழ்கியிருந்த நேரத்தில் அவர்கள் வந்த வேனில் ஏறிக் கடைசி சீட்டில் சுருண்டுகொண்டேன். அங்கே ஒரு நார்த்தொப்பியும் ஒரு சால்வையும் கிடந்தன. தொப்பியை முகத்தில் கவிழ்த்து, சால்வையைக் கால்வரை இழுத்துவிட்டு, உண்ட மயக்கத்தில் உறங்கும் வெள்ளைக்காரராக மாறினேன்.

மாமா படியில் நின்று பேனாவால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணினார். “செவன்டீன்... எய்ட்டீன்.” பேனா என் தொப்பியைத்தான் காட்டியிருக்க வேண்டும். வேன் கிளம்பியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் எட்டும்போது மெல்ல ஒரு யோசனை வந்தது. தொப்பிக்குச் சொந்தக்காரர் ஏன் இன்னும் வந்து என்னை எழுப்பவில்லை? தலையைத் தூக்கிப் பார்த்தேன். காலடியில் ஒரு கைப்பை, ஒரு குடை. வேன் வந்து நின்றதும் இந்தக் குடையோடு இறங்கி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, குடையைத் திரும்ப உள்ளே வைத்த வெள்ளைத்தலை அம்மாவை வேன் முழுக்கத் தேடினேன். இல்லை.

அந்த அம்மா என்ன ஆனாரோ என்று நான் கவலைப்பட்டதாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் கவலைப்பட்டது எனக்காக. கப்பலிலும் எண்ணுவார்கள், பதினெட்டு சரியாக இருக்கும், ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே அந்த அம்மாவின் வீட்டில் அந்த அம்மாவாகவே நான் வாழ வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னை எப்படிக் கூப்பிடும்? காலம் பூராவும் ரொட்டிதானா? சோறே கிடையாதா?

“மாமா, நான் கப்பலுக்கு வரல” என்று அலறினேன்.

டிரைவர் போட்ட பிரேக்கில் தூங்கிய அத்தனை பேரும் விழித்தார்கள். மாமா பின்னால் வந்தார். என்னைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“அந்தம்மா எங்கடா?”

“தெரியாது மாமா. நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன்.”

அவர் என்னை அடிக்கவில்லை. “திருப்புப்பா வண்டிய” என்று மட்டும் டிரைவரிடம் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சட்டைக் காலரால் வாயைத் துடைப்பதுமாக இருந்தார்.

அந்த அம்மா எங்கும் போகவில்லை. எங்கள் கொட்டகையில், மண்ணில் குந்தி உட்கார்ந்து, மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துப் பால் கறந்துகொண்டிருந்தார். என் அம்மாவைத் தவிர யார் மடியைத் தொட்டாலும் உதைக்கிற மாடு அது. அப்பா இரண்டு தடவை உதை வாங்கியிருக்கிறார். அது அசைபோட்டுக்கொண்டு சும்மா நின்றது. அம்மா பக்கத்தில் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இவங்கள இங்க வச்சிகினு இன்னா பண்ற? வேன் போனது தெரியலயா?”

“கத்தாதடா, மாடு மெரளும். நீ விட்டுட்டுப் போனா நான் இன்னா பண்றது? அழுதுகினு நிக்க சொல்றியா? திரும்பி வருவ, அதுக்குள்ள கறக்கட்டும்னு வுட்டேன்.”

“யாருன்னே தெரியாதவங்கள மாட்டுக்கிட்ட வுடுவியா?”

“கறந்த கைடா அது. பாத்தாலே தெரியல? அவங்க வூட்லயும் மாடு கீது.”

அந்த அம்மா எழுந்து, கையைச் சேலையில் துடைப்பதுபோல் கவுனில் துடைத்துக்கொண்டு, மாமாவிடம் ஏதோ நிறையப் பேசினார். சாரி சாரி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மாமா அம்மாவுக்குச் சொன்னார்: “அயர்லாந்தாம். முப்பது மாடு வச்சிருந்தாங்களாம். வீட்டுக்காரர் போனப்புறம் எல்லாத்தையும் வித்துட்டாங்களாம்.” அம்மா ஒரு சொம்புப் பாலைக் காய்ச்சக்கூட நேரமில்லாமல் அப்படியே அவர் கையில் கொடுத்தாள். நுரை மீசையோடு குடித்தார்.

இந்த முறை மாமா தலையை எண்ணவில்லை. தாளை எடுத்துப் பதினெட்டுப் பெயரையும் படித்தார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். கடைசியில் என்னைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வேன் முழுக்கக் கை தட்டியது. அந்த அம்மா தொப்பியை எனக்கே கொடுத்துவிட்டார். மாமா இறங்கி வந்து, பேனாவால் என் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, “நைன்டீன்” என்று சொல்லிச் சிரித்தார்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கப்பலைப் பிடித்துவிட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது. காணாமல் போனவரைக் கண்டுபிடித்த வீரனாக அந்தத் தொப்பியைப் பள்ளிக்கூடத்துக்கே போட்டுக்கொண்டு போனேன். மாமாவின் வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. ‘எண்ணும்போது நான்தான் தப்பு பண்ணிட்டேன்’ என்று முதலாளியிடம் சொன்னாராம். கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. புதுச்சட்டை தள்ளிப்போகிறதே என்று, எண்ணத் தெரியாத மாமாமேல் எனக்குக் கோபம்.

பஸ் படப்பையைத் தாண்டும்போது மகளின் பதில் வந்தது. ‘அப்பா, இங்க தலைய எண்ண மாட்டாங்க. பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நான் பஸ்லதான் இருக்கேன், போதுமா?’ கூடவே ஒரு படம்: வேலிக்கு மேலே கையை நீட்டி ஒரு மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். எழுபது தாண்டியும் உடனே பதில் போடுகிறவர், ‘எண்ணிட்டியா?’ என்று கேட்டிருந்தார்.

அன்று “நைன்டீன்” என்று அவர் தட்டியபோது, கணக்கைக் கெடுத்த தலையே அதுதான் என்பது உறைக்காமல், கப்பல் கூட்டத்தில் என்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெருமையில் ஒரு வாரம் தலைக்கு எண்ணெய்கூட வைக்கவிடவில்லை.