சுவாமியறைப் பெட்டியில் கிடந்த நீலப் புத்தகம்

பருத்தித்துறையில் கண் திறந்த எங்கள் அம்மா ஹனோவரில் கண் மூடி இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அம்மாவின் கையால் ஒருநேரமாவது சாப்பிட்டிருப்பீர்கள். மூத்த மகளாகிய நான் அவரது வாழ்க்கையை ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் துக்கத்தை விட எனக்குப் பயமே பெரிதாக இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

இருபத்தொரு வயதில், ஒரேயொரு கைப்பையுடன் ஜேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர் அம்மா. இரண்டு வருடங்கள் அகதி முகாமில் இருந்தார். அப்பாவை மணந்து ஹனோவருக்கு வந்த பின், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபத்தாறு வருடங்கள் நின்றபடியே வேலை செய்தார். தான் ஒருநாள் லீவு எடுத்தால் ஜேர்மனியே பட்டினி கிடக்கும் என்பது அவரது நினைப்பு. மற்றவர்களுக்குத் தடிமன், காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு ஓடுவார். தன் உடம்பைப் பற்றிக் கேட்டால் சிரித்துக் கதையை மாற்றிவிடுவார்.

தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு இரத்தத்தில் சீனி ஏறியது. சாப்பாட்டுக்கு முன் ஊசி போடுவார். ஆறு வயதுப் பிள்ளையாகிய நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். தம்பி நாலரைக் கிலோவில் பிறந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கொழுகொழுவென்று இருக்கிறான் என்று மெச்சினார்கள். சீனி இறங்கியது, ஊசியும் நின்றது. கர்ப்பிணிகளின் பரிசோதனைகளை எழுதிவைக்க இங்கே முட்டர்பாஸ் என்றொரு நீலப் புத்தகம் தருவார்கள். தம்பி பிறந்த நேரத்தை நிமிடம் பிசகாமல் அதில் எழுதித் தரும்படி அப்பா தாதியிடம் கேட்டிருந்தார். சாதகம் எழுத அதுதானே வேண்டும்! எழுதி முடிந்ததும் சாதகமும் புத்தகமும் ஒன்றாகச் சுவாமியறைப் பெட்டிக்குள் போயின. அதன்பின் எந்த வைத்தியரும் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், என் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சீனி வந்தது. அழுதேன்.

“பயப்பிடாதை பிள்ளை. எனக்கும் தம்பியோட வந்தது, அவனோடயே போட்டுது” என்றார் அம்மா.

அவர் சொன்னபடியே போனது. நானும் மகளின் சாதகத்தோடு என் நீலப் புத்தகத்தை அதே பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன்.

சென்ற வருடம், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொன்னதால் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அங்கே அம்மாவுக்காகப் பேசுவது எப்போதும் நான்தான்.

“முந்தி ஏதும் நோய், வருத்தம் இருந்ததோ எண்டு கேக்கிறார், அம்மா.”

“ஒண்டும் இல்லையெண்டு சொல்லு.”

சொன்னேன். அம்மா பொய் சொல்லவில்லை. பிள்ளையோடு வந்து பிள்ளையோடு போனதை அவர் வருத்தமாகவே நினைத்ததில்லை. ஆனால் அந்த ஊசியைக் கண்ணால் பார்த்தவள் நான், அதே ஊசியை எனக்கும் போட்டவள் நான். இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு அந்த ஒரு வசனம் வாயில் வரவில்லை. மேற்கொண்டு எதையும் பார்க்காமல் அனுப்பிய வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை?

கடைசி வாரம் அம்மாவுக்குத் தாடை நொந்தது, முதுகு உளைந்தது. நெஞ்சு நோகவே இல்லை. வாய்வு என்று உள்ளிப் பூண்டு அவித்துக் குடித்தார். பல்லாக இருக்கும் என்று நான் பல் வைத்தியரைப் பார்க்க டெர்மின் என்கிற முன்பதிவு எடுத்தேன், வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. புதன்கிழமை காலை, வேலைக்குப் புறப்பட்ட அம்மா சப்பாத்துப் போடக் குனிந்தார். பிறகு நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். மறுநாள் டெர்மினை மறக்க வேண்டாம் என்று பல் வைத்தியரிடமிருந்து என் கைபேசிக்குச் செய்தி வந்தது.

அந்தியேட்டிக் கிரியைக்காக ஐயர் அம்மாவின் நட்சத்திரத்தைக் கேட்டார். அப்பா தடுமாறியதால் நான் பெட்டியைத் திறந்தேன். சாதகங்களோடு இரண்டு நீலப் புத்தகங்களும் கிடந்தன. அம்மாவுடையதில், பிள்ளை பிறந்த பிறகும் சீனியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். என்னுடைய புத்தகத்திலும் அதையே எழுதியிருந்தார்கள்.

என் பிரசவம் பார்த்த வைத்தியரிடம் கேட்டேன். சீனி மறைந்தாலும், அப்படிப்பட்ட பெண்களுக்குப் பின்னாளில் சலரோகம் எனும் நீரிழிவும் இதய வருத்தமும் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம் என்றார். அம்மாவுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாதாம். நெஞ்சு நோகாமல் தாடையும் முதுகும் நோவதும் மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாமாம். அன்று முதல் அடிக்கடி தாடையைத் தடவிப் பார்க்கிறேன். மகளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது மூச்சைக் கவனிக்கிறேன். அவளுக்கு இன்னும் நான் தலைவாரிவிட வேண்டிய வயது.

செய்தி கேட்டதும் ஓடி வந்தவர்கள், முப்பது நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள், அப்பாவைத் தனியே விடாமல் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் நாங்கள் மறக்கமாட்டோம். அக்காமாரே, தங்கைமாரே, மச்சாள்மாரே, உங்கள் சுவாமியறைப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சாதகம் அங்கேயே இருக்கட்டும். நீலப் புத்தகத்தை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

திங்கட்கிழமை எனக்கு டெர்மின். “நானும் வாறன் பிள்ளை” என்கிறார் அப்பா. அம்மாவைப் பார்த்த அதே வைத்தியர் அதே கேள்வியைக் கேட்பார். பதிலாக நீலப் புத்தகத்தைக் கைப்பையில் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்வதற்கு இப்போது அம்மா பக்கத்தில் இல்லை.